திருத்தணி போறதுக்கு முன்னாடி ஒரு ஆயில் ஃபில்டர்



நண்பர்களே, இது தல மகிமை பத்தின பதிவு இல்ல. ஒரு பழைய காரோட ஆயில் ஃபில்டர் பத்தினது. எழுதாம விட்டா எனக்கு மனசு ஆறாது. பொறுமையாப் படிங்க.

ஆடிக் கிருத்திகைக்கு அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு திருத்தணி போவதாக ஏற்பாடு. முந்தின ஞாயிற்றுக்கிழமை, காருக்கு நானே ஆயில் மாத்திடலாம்னு இறங்கினேன். வேலை சின்னதுதான். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு எண்ணெயை இளக்கி, அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, கறுப்பு எண்ணெயை ஒரு தட்டில் பிடிக்கணும். அப்புறம் சின்ன டப்பா மாதிரி இருக்கும் ஃபில்டரைத் திருகி எடுத்துட்டுப் புதுசு போடணும். புது ஆயில் ஊத்தினா முடிஞ்சது.

எண்ணெய் வடிஞ்சிடுச்சு. ஃபில்டர் வரல.

கையால் திருகினேன், வழுக்கியது. உப்புத்தாளைச் சுத்திப் பிடிச்சுத் திருகினேன். பழைய பெல்ட்டைப் போட்டு இழுத்தேன். அசையல. (ஒரு உண்மையையும் சொல்லிடறேன். முதல் பத்து நிமிஷம் மேலேயிருந்து கையை விட்டு, இடம் வலம் குழம்பி, இறுக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். கீழே படுத்து ஃபில்டரோட அடிப்பக்கத்தை நேராப் பார்த்து இடப்பக்கமாத் திருகணும். அது அப்புறம்தான் உறைச்சது.) எண்ணெய் இல்லாத வண்டியை ஸ்டார்ட் பண்ணி எங்கேயும் கொண்டு போகவும் முடியாது. நாலு நாள்ல கிருத்திகை. முதுகுக்குக் கீழே கொதிக்கிற சிமெண்ட் தரை.

அப்பத்தான் கோபம் வந்தது. என் மேல இல்ல, மெக்கானிக் அண்ணன் மேல. ஆறு வருஷமா இந்த வண்டியைப் பார்க்கிறவர். போன வருஷம் அவர்கிட்டதான் விட்டிருந்தேன். எண்ணெய்க் கையோட போன் போட்டேன். "என்னண்ணே இப்படி இறுக்கி வச்சிருக்கீங்க? ஒரு ஃபில்டர் போடத் தெரியாதா? வேலை கத்துக்கிற பசங்களை விட்டு வண்டியில விளையாடறீங்களா?" அவர் ஸ்பீக்கர்ல போட்டுப் பேசிக்கிட்டிருந்தார்னு சத்தத்துலயே தெரிஞ்சது. ரெண்டு நொடி பேசல. அப்புறம், "இருக்கலாம் தம்பி. நாளைக்கு பையனை அனுப்பட்டுமா, கழட்டித் தருவான்"னு கேட்டார். "ஒண்ணும் வேணாம்"னு வச்சுட்டேன்.

அடுத்து செஞ்சதைச் சொல்ல வெட்கமா இருக்கு. பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "வெற்றிவேல்!"னு சொல்லி ஃபில்டர் வயித்துல குத்தினேன். சிரிக்காதீங்க. குத்தி, அதையே கைப்பிடியா வச்சுத் திருகினா வரும்னு சொல்வாங்க. தகரம் காகிதம் மாதிரி கிழிஞ்சு, உள்ளே மிச்சமிருந்த எண்ணெய் முகத்துல கொட்டினதுதான் மிச்சம். கடைசியில் பக்கத்துத் தெரு நண்பன்கிட்ட செயின் ஸ்பேனர் வாங்கிட்டு வந்து, ஃபில்டர் இன்ஜினோட சேர்ற விளிம்புகிட்ட, தகரம் உறுதியா இருக்கிற இடத்துல மாட்டி, மெதுவா இழுத்தேன். ஒரு சின்னச் சத்தம். வந்துடுச்சு.

துணியால் துடைச்சேன். இன்ஜின் பக்கமாத் திரும்பியிருந்த பாதியில், வெள்ளை மார்க்கரில், தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருந்தது. என் கையெழுத்து.

ஒவ்வொண்ணா ஞாபகம் வந்தது. போன வருஷம் ஒரு வீடியோ பார்த்துட்டு நானேதான் மாத்தினேன். அடுத்த வாரம் பிரேக் வேலைக்கு அவர்கிட்ட விட்டேன். ரெண்டும் மனசுல ஒண்ணாக் கலந்து போச்சு. ரப்பர் வளையத்துல எண்ணெய் தடவாம வறட்டா மாட்டியிருக்கேன். ஒழுகிடுமோங்கிற பயத்துல பெல்ட்டைப் போட்டு வேற இறுக்கியிருக்கேன். ஒரு வருஷச் சூட்டுல ரப்பர் இன்ஜினோட ஒட்டிப்போச்சு.

இங்கேதான் என் கேள்வி. தெரியாமச் சொன்ன பழி, பாவமா? நான் பொய் சொல்லல. அவர்தான் போட்டார்னு நிஜமாவே நம்பினேன். மறதி யாருக்கும் வரும். அன்னிக்கு ராத்திரி முழுக்க இந்த வக்கீல் வாதத்தைத்தான் எனக்கு நானே பேசிக்கிட்டிருந்தேன்.

அப்போ பிரம்மாவோட கதை ஞாபகம் வந்தது. பிரணவத்துக்கு அர்த்தம் கேட்டு, சொல்லத் தெரியாம நின்ற பிரம்மாவை நம்ம முருகன் தலையில் குட்டிச் சிறையில் போட்டான். சின்ன வயசுல எனக்கு இது அநியாயமாத் தெரியும். தெரியலைன்னா சொல்லிக் கொடுக்கலாமே, குட்டுவானேன்? இப்போ வேற மாதிரி படுது. தெரியாததுக்காக விழுந்த குட்டு இல்ல அது. எல்லாம் தெரிஞ்ச மிதப்புல, குழந்தைதானேன்னு மதிக்காம நடந்து போனாரே, அந்த நடைக்கு விழுந்தது. அதே அர்த்தத்தைக் கேட்க சுவாமிமலையில சிவபெருமானே சிஷ்யனா உட்கார்ந்தார், அவருக்கு ஒரு குறையும் வரல.

என் கதையும் அதேதான். மறந்தது குத்தமில்ல. ஆனா போன் எடுக்கறதுக்கு முன்னாடி 'யார் போட்டது'ன்னு ஒரு நிமிஷம் யோசிச்சேனா? இல்ல. ஏன்னா யோசிக்க விருப்பமில்ல. அவர் தப்புன்னு இருந்தா எனக்கு வசதி. எனக்கு எதிரா வர்ற ஒரு விஷயத்தை இப்படி விசாரிக்காம நம்பியிருப்பேனா? நாலு பேர்கிட்ட கேட்டிருப்பேன். அப்போ 'உண்மையா நம்பினேன்'னு நான் சொல்றதுல பாதிதான் உண்மை.

அடுத்து ஒரு குறுக்கு வழி தோணுச்சு, நம்மள மாதிரி பக்தர்களுக்குன்னே இருக்கிற வழி. அவருக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. திருத்தணியில அவர் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணி, விபூதிப் பிரசாதம் கொண்டு வந்து கொடுத்துட்டா சரியாப் போச்சு. எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! அவர் சந்தோஷமா வாங்கிக்குவார். நான் நல்லவனாவே இருப்பேன். முருகனை நடுவுல நிறுத்தி, நான் பின்னாடி ஒளிஞ்சுக்கலாம்.

சூரனை வென்ற பிறகு முருகனோட சினம் தணிந்த தலம் திருத்தணி. அதனால மத்த கோயில்கள்ல நடக்கிற சூரசம்ஹாரம் அங்கே நடக்கறதில்ல, கந்த சஷ்டியில் பூச்சொரியல்தான். அந்த மலைக்கு 365 படி. என் கோபத்தால் ஒருத்தர் தலை குனிஞ்சிருக்கு, அதை அப்படியே விட்டுட்டு நான் எந்தத் தணிவைத் தேடி அந்தப் படி ஏறுவேன்?

திங்கட்கிழமை சாயங்காலம் பழைய எண்ணெயை கேனில் ஊத்தி எடுத்துக்கிட்டு அவர் பட்டறைக்குப் போனேன். (கழிவு எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீங்க. பட்டறையில் சேர்த்து வச்சு, மறுசுத்திகரிப்புக்கு எடுக்கறவங்ககிட்ட கொடுப்பாங்க.) ஃபில்டரையும் எடுத்துப் போயிருந்தேன். கையெழுத்தைக் காட்டி, "நான்தாண்ணே போட்டது. உங்களைப் பேசினது தப்பு. மன்னிச்சுக்கங்க"ன்னேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். சிரிப்பார்னு நினைச்சேன், சிரிக்கல. "பிரேக் வேலை பையன்தான் செஞ்சான் தம்பி. அவன்தான் ஃபில்டரையும் நோண்டிட்டான்னு நினைச்சு, நேத்து போட்டு வாங்கிட்டேன். அவன் இல்லண்ணே இல்லண்ணேன்னு சொன்னான். நீங்க சொல்றப்போ தப்பா இருக்காதுன்னு நான்தான் நம்பல."

இதை நான் எதிர்பார்க்கல. நான் போட்ட ஒரு திட்டு, அவர் வழியா இன்னொருத்தன் மேல போய் விழுந்திருக்கு. அவனுக்கு வயசு பதினெட்டு இருக்கும். அவர்கிட்ட கேட்ட மன்னிப்பு அவனுக்குப் போய்ச் சேராதில்லையா?

ஒரு வண்டிக்கு அடியில கிடந்தான். பக்கத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, "தம்பி, அந்த ஃபில்டர் நான் போட்டது. உன் மேல பழி வந்துடுச்சு. மன்னிச்சிடுப்பா"ன்னேன்.

கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் மட்டும்தான். அப்புறம் முகத்தைக் காட்டாமலே கேட்டான்: "ரப்பர்ல எண்ணெய் தடவிப் போட்டீங்களாண்ணா?"

"புதுசுக்குத் தடவினேன்."

"பழைய ரப்பர் இன்ஜின்ல ஒட்டியிருக்கான்னு பார்த்தீங்களா? அதுக்கு மேலயே புதுசு போட்டா வழியில மொத்த எண்ணெயும் ஒழுகிடும்."

பார்க்கலை.

"வண்டியை எடுக்காதீங்க. காலையில வந்து பார்க்கறேன்"னு சொல்லிட்டு, வேலையைத் தொடர்ந்தான்.