கிடப்பில் போடும் அதிகாரம்

சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் காரணம் சொல்லாமல் கிடப்பில் போடலாமா? கூடாது. சட்டம் இதில் தடுமாறலாம்; அறம் தடுமாறவில்லை.

தமிழகத்தின் 10 மசோதாக்கள் பட்ட பாடு நாடறிந்தது. அவற்றுள் சில 2020 முதல் காத்திருந்தவை. 2023 நவம்பரில் ஒப்புதல் இல்லை என்று திரும்பின. ஏன் என்று ஒரு வரி இல்லை. 18ஆம் தேதி பேரவை கூடி மீண்டும் நிறைவேற்றியது. இப்படித் திரும்ப வரும் மசோதாவுக்கு ஒப்புதலை நிறுத்திவைக்கக் கூடாது என்கிறது 200ஆவது பிரிவு. ஆளுநரோ குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவை ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது. நவம்பர் 20இல் ஐந்து நீதிபதிகள் அமர்வோ, ஆளுநருக்குக் கெடு விதிக்க நீதிமன்றத்தால் இயலாது என்று கருத்துரைத்தது. காலவரையற்ற தாமதத்தை அதுவும் ஏற்கவில்லை.

அதிகாரத்தைப் பிரித்து வைத்தது ஒன்றை ஒன்று தட்டிக்கேட்கத்தான். தட்டிக்கேட்க வாய் திறக்க வேண்டும். குற்றம் கண்டால் இடித்துரைக்கும் பெரியோரைத் துணையாகக் கொள்ளச் சொன்னார் வள்ளுவர். வாய்மூடி இருப்பவரை அல்ல. வரி வாங்கும் முறை பற்றிப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் எடுத்துச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி அவையில் நின்று காரணம் கேட்டாள். மன்னனும் தன் பிழையை அந்த அவையிலேயே ஒப்புக்கொண்டான். முடியரசில் இருந்த இந்த ஒழுங்கு குடியரசில் இல்லாமல் போகலாமா? ஆளுநருக்குத் தாமாகச் செய்யும் அதிகாரப் பணிகள் இல்லை, கடமைகளே உண்டு என்று அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் விளக்கினார். கடமையைச் செய்பவர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

பெரும்பான்மை அவசரப்பட்டுத் தவறு செய்யும், தடுக்க ஒருவர் வேண்டும் என்பார்கள். உண்மைதான். இந்த மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. துணைவேந்தர் நியமனம் ஆளுங்கட்சியின் கைக்குப் போவது சரியா என்ற ஐயமும் நியாயமானதே. அந்த ஐயத்தை எழுதிச் சபைக்கு அனுப்ப அதே 200ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. ஒரு தாள் போதும். அது எழுதப்படவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் நாற்காலி 2023 ஆகஸ்டில் காலியாகி, ஆண்டு கடந்தும் காலியாகவே கிடந்தது.