அஞ்சிய உயிர்க்கு அபயம்



அட்சய திருதியை நாளில் கருப்பஞ்சாறு வழங்கி, ஆதிபகவனுக்குச் சிரேயாம்ச மன்னன் அளித்த முதல் ஆகாரதானத்தை நினைவுகூர்கிறோம். ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் எனத் தானம் நான்கு என்பதை நம் வீட்டுச் சிறுவரும் ஒப்பிப்பர். முதல் மூன்றும் கையால் எடுத்துக் கொடுக்கக் கூடியவை. நான்காவதை எவ்வாறு கொடுப்பது? கொல்லாமல் விட்டுவிட்டால் அபயம் கொடுத்ததாகும் என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் குறையுடையது என்று உணர்த்தியது ஒரு பூனை.

நம் தெருவில் முதியவர் ஒருவர் காலமான பின் அவர் வீடு பூட்டிக் கிடந்து, சென்ற ஆடி மாதம் இடிக்கப்பட்டது. அவர் சோறிட்டு வளர்த்த பெண்பூனை ஒன்று இடிபாட்டில் அகப்பட்டுக்கொண்டது. வயது நான்கைந்து இருக்கலாம் என்று பின்னர்க் கால்நடை மருத்துவர் கூறினார். வேலையாட்கள் அதனைச் சாக்கில் பிடித்து நம்மிடம் கொண்டுவந்தனர். பின்கட்டு அறையில் சாக்கை அவிழ்த்ததும், பழைய மரப்பெட்டிக்குப் பின்னே பாய்ந்து மறைந்தது. இரவு முழுதும் உண்ணவில்லை. மறுநாள் பரிவு மிகுதியால் கையை நீட்டி வெளியே எடுக்க முயன்றோம், கடித்துவிட்டது. காயத்தை 15 நிமிடம் சோப்பு நீரால் கழுவி, மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். (பூனைக்கடிக்கும் தடுப்பூசி வேண்டும் என்பதைப் பலர் அறியார். மஞ்சளை வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடலாகாது.)

ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில்தான் சிந்தனை பிறந்தது. ஆகாரம், பயம், மைதுனம், பரிக்கிரகம் என்னும் நான்கு சஞ்ஞைகள் சம்சாரி உயிர்களைப் பற்றியுள்ளன என்று படித்திருக்கிறோம். நமக்கு அது வாய்ப்பாடு. மரப்பெட்டியின் பின்னே அதுவே மூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. அவ்வுயிரின் அறிவில், நீண்டு வரும் கை என்றால் சாக்கு. நம் உள்ளத்தில் கருணை இருந்தது மெய்யே. ஆயின் அதனைக் காணும் வழி பூனைக்கு இல்லை. அது கண்டது கையை மட்டுமே.

இதே பிழையை நாம் முன்பும் செய்திருக்கிறோம். வேலையில் சேர்ந்த முதலாண்டில், ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று அச்சத்தால் பலகையின் கீழ் ஒளிந்துகொண்டது. தோளைப் பற்றி வெளியே இழுத்து உட்கார வைத்தோம். வகுப்பு ஒழுங்காயிற்று, ஆனால் அக்குழந்தை அவ்வாண்டு முழுதும் நம்மிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த ஆண்டு அதே குழந்தை மூத்த ஆசிரியை ஒருவரிடம் சென்றது. அவ்வம்மையார் அழைக்கவுமில்லை, இழுக்கவுமில்லை. பலகைக்குச் சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்து புளியங்கொட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் குழந்தை தானே வெளிவந்து, உருண்டோடிய கொட்டை ஒன்றை எடுத்து நீட்டிற்று. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிப் பள்ளியில் நாம் எழுதித் தேர்ச்சி பெற்ற பாடம்தான் அது. எழுதியது வேறு, செய்தது வேறு.

ஆகவே பூனையிடம் புதிதாகத் தொடங்கினோம். அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வாயில் வெட்டி, பழந்துணி விரித்து வைத்தோம். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் அச்சம் வளரும் என்று சிலர் சொன்னார்கள். உண்மை அதற்கு மாறானது. நெதர்லாந்து நாட்டின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், காப்பகத்திற்குப் புதிதாக வந்த பூனைகளுள் பெட்டி பெற்றவையே விரைவில் அமைதியடைந்தன. நாள்தோறும் ஒரே நேரத்தில் அவ்வறையில் தரையில் அமர்ந்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, தாழ்ந்த குரலில் ஸ்ரீபுராணம் வாசித்தோம். உற்று நோக்குதலைப் பூனை பகையென்று கொள்ளும். கண் சந்திக்க நேர்ந்தால் மெல்ல இமை மூடித் திறக்க வேண்டும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டில், அவ்வாறு இமைப்பவரைப் பூனையும் இமைத்து ஏற்கிறது என்று ஆராய்ந்து கூறினர்.

ஒன்பதாம் நாள், நாம் அறையில் இருக்கும்போதே உண்டது. பிறகு தட்டை ஒவ்வொரு சாணாக நம் பக்கம் நகர்த்தினோம். ஒரு நாள் அவசரப்பட்டு இரண்டு சாண் நகர்த்தியதற்கு ஐந்து நாள் தண்டனை பெற்றோம். மூன்றாம் மாதம் மடக்கிய விரல் மூட்டை முகர்ந்து, கன்னத்தைத் தேய்த்தது. தீபாவளி வந்தது. பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த நன்னாளில் தெருவெல்லாம் வெடித்த வெடியில், பூனை மீண்டும் மரப்பெட்டியின் பின்னே சென்றுவிட்டது. நம் சமூகத்துப் பிள்ளைகளும் சிலர் வெடித்தனர் என்பதை வருத்தத்துடன் எழுதுகிறோம். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினோம். குட்டிகள் பிறந்து 2 முதல் 7 வாரத்திற்குள் மனிதரோடு எளிதில் பழகிவிடும். வளர்ந்த பூனைக்கு மாதங்கள் ஆகும், சில மடியில் ஏறாமலே வாழ்ந்து முடியும்.

அந்நாட்களில் வாசித்து வந்த ஸ்ரீபுராணத்தில், பகவான் மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாய்ப் பிறந்த வரலாறு வந்தது. மானைக் கொன்ற அச்சிங்கத்தின் அருகே சாரண முனிவர் இருவர் வானினின்று இறங்கி, பாறைமேல் அமர்ந்து அறமுரைத்தனர். பலமுறை கேட்ட கதைதான். ஆயினும் முனிவர் சிங்கத்தைக் கட்டவில்லை, துரத்தவில்லை, அமர்ந்து பேசினர் என்பது அம்முறைதான் நம் செவியில் விழுந்தது.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். உறவினர் ஒருவர், "கொலைவிலங்கை வளர்ப்பது சிராவகருக்குத் தகுமா?" என்று கேட்டார். கேட்டது நியாயமே. சுவாமி கார்த்திகேயர் அருளிய அனுபிரேட்சை நூல் பூனை முதலியவற்றை வளர்ப்பதை அனர்த்த தண்டத்துள் வைத்திருக்கிறது. நாம் தேடிச் சென்று வளர்க்கவில்லை, வந்து விழுந்ததைக் காத்தோம் என்று விடை கூறினோம். எலியும் அணிலும் அதன் வாயில் படாதபடி வீட்டிற்குள்ளேயே வைத்திருக்கிறோம். ஆனால் உணவு? பாலும் சோறும் போதும் என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிக்காது. டாரின் என்னும் சத்துக் குறைந்தால் பூனையின் கண்ணும் இதயமும் கெடும். அதனால் இதயம் தளர்வதை 1987ஆம் ஆண்டில் அறிஞர் கண்டறிந்தனர். அச்சத்து புலாலில் உள்ளது, சோற்றில் இல்லை.

எதிர்வீட்டு அம்மையார்தாம் வழி சொன்னார். "டீச்சரம்மா, எங்க வீட்ல சமைக்கிறதுல அதுக்கு ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன். நீங்க தொட வேண்டாம், நானே வந்து வெச்சிட்டுப் போறேன்" என்றார். ஒப்புக்கொண்டோம். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்றனுள் மூன்றாவது நம்மைச் சாரும் என்பதை அறிவோம். பிரதிக்கிரமணத்தில் அதனை மறைக்காமல் சொல்லி வருகிறோம். மற்றொரு தட்டில் ஒரு உயிர் பட்டினியால் குருடாவதை வைத்து நிறுத்துப் பார்த்தே இதற்கு இசைந்தோம். இதனினும் தூய வழி அறிந்த பெரியோர் இவ்விதழ் வாயிலாக எழுதினால் நன்றியுடன் ஏற்போம்.

ஒருவரிடம் பெற்ற நம்பிக்கையைப் பூனை மற்றவருக்கு மாற்றிக் கொடுப்பதில்லை. அவ்வம்மையாரும் வாயிற்படியிலிருந்து தொடங்கி, இமைத்து, காத்திருந்து, ஆறு வாரம் கழித்தே அதன் தலையைத் தொட்டார். இப்போது வாசிக்கும் நேரத்தில் அது சுவடிப் பலகையின் அருகே வந்து படுக்கிறது. கதவு காற்றில் அறைந்தால் மட்டும் இன்னமும் பெட்டிக்குள் ஓடிவிடுகிறது. பெட்டியை எடுத்துவிடவில்லை.