இடது கையைத் தூக்கினால்

பல் டாக்டர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இன்னொரு டாக்டரின் அம்மாவோ பிள்ளையோ நாற்காலியில் வந்து உட்கார்ந்தால் ஃபீஸ் கேட்பதில்லை. கேப் போட வேண்டியிருந்தால் லேப் பில்லை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். சிலர் அதையும் வாங்குவதில்லை. சட்டம் போட்டு வந்த பழக்கமல்ல இது. ஆனால் பழையது. மான்செஸ்டர் மருத்துவர் தாமஸ் பெர்சிவல் 1803இல் எழுதிய மருத்துவ நெறி நூலிலேயே, சக மருத்துவரின் மனைவி மக்களுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இதன் இன்னொரு பாதி நாவடக்கம். வேறொருவர் செய்த ரூட் கனால் சொதப்பியிருப்பது எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிந்தாலும், நோயாளியின் காதுபட "யார் பார்த்த வேலை இது?" என்று கேட்காமல் இருப்பது. இதில் சுயநலக் கணக்கும் உண்டு. இன்று அவரை நான் சொன்னால் நாளை என்னை அவர் சொல்வார். ஆனாலும் அடியில் நியாயமான காரணம் ஒன்று இருக்கிறது. அந்த வேலையைச் செய்தவர் இப்போது இந்த அறையில் இல்லை. நோயாளி அன்று வாயை எவ்வளவு திறந்தார், எத்தனை சிட்டிங்கோடு வராமல் நின்றுவிட்டார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். பதில் சொல்ல முடியாதவரைப் பற்றி அவசரப்பட்டுப் பேசக் கூடாது என்பதே அந்த மரியாதையின் உயிர்.

இப்போது டாக்டர் வீடுகளிலும் குடும்ப வ்லாக் நுழைந்துவிட்டது. அம்மா பல் டாக்டர். ஆறு வயது மகளின் ஆடும் பல்லைத் தன் கிளினிக்கிலேயே எடுக்கிறார். அப்பா ஃபோனைப் பிடித்திருக்கிறார். போடுவதற்கு முன் நல்ல மனதோடு சக டாக்டர்களிடம் கேட்கிறார்கள்: "போடலாமா?" வரப்போகும் பதிலை நானே எழுதித் தந்துவிடுவேன். "சூப்பர் டாக்டர், குட்டி எவ்வளவு தைரியம்!" எக்ஸ்ரேயைப் பார்த்து வாய்மூடியிருந்த அதே நாகரிகம்தான் இங்கும் பேசுகிறது. இங்கே அது காப்பாற்றுவது கேமரா வைத்திருப்பவரை.

2008இல் ஃபுளோரிடாவில் ஏழு வயதுப் பையன் ஒருவனுக்கு அதிகப்படியாக முளைத்த பல்லை எடுத்தார்கள். மருந்தின் மயக்கம் தெளியாமல் காரில் அவன் பிதற்றியதை அப்பா படம்பிடித்தார். கூட வர முடியாத அம்மாவுக்குக் காட்டத்தான். மறு ஆண்டு அது யூடியூபில் ஏறி, 'டேவிட் ஆஃப்டர் டென்டிஸ்ட்' என்ற பெயரில் பத்துக் கோடிப் பார்வைகளைத் தாண்டியது. அந்த வீட்டாரைத் திட்ட எனக்கு மனமில்லை. வளர்ந்த பிறகு அந்தப் பையனும் அதைக் கசப்பாகப் பேசவில்லை. ஆனால் ஒன்று கேட்கலாம். மயக்கம் தெளியாதவரிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் டாக்டர் எங்காவது உண்டா?

சட்டங்கள் பெரும்பாலும் பணத்தைத்தான் பார்க்கின்றன. சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகன் வளர்ந்து வந்து பார்த்தபோது சம்பாத்தியம் கரைந்திருந்தது; அதனால் கலிஃபோர்னியா 1939இல் ஒரு சட்டம் இயற்றியது. நம் நாட்டில் குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தப் பிள்ளையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்பது 2017 விதி. இல்லினாய் மாநிலம் 2024 ஜூலை முதல் வ்லாக் பிள்ளைகளுக்கும் பங்கு தரச் சொல்கிறது. எல்லாம் நல்லதே. பணம் போனால் திருப்பித் தரலாம்; வெளியே போன காட்சியைத் திருப்பித் தர முடியாது. நம்முடைய 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. படம்பிடித்தவரே பெற்றோர் என்றால் அந்தச் சம்மதம் யாரை யாரிடமிருந்து காக்கும்?

விடை வெளியே எங்கும் இல்லை, பல் டாக்டரின் நாற்காலியிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது. குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்பவர்கள் முதலில் சொல்வார்கள், பிறகு கருவியைக் காட்டுவார்கள், அதன் பிறகே செய்வார்கள். தொடங்கும் முன் ஓர் ஒப்பந்தமும் உண்டு: "வலிச்சா இடது கையைத் தூக்கு, நிறுத்திடறேன்." இடது கை ஏன் என்றால், டாக்டர் பெரும்பாலும் வலப்பக்கம் இருப்பார், வலது கை எழுந்தால் கருவியில் இடிக்கும். வாய் நிறையப் பஞ்சும் குழாயும் இருக்கையில் பேச்சு எழாது; கைதான் பேச வேண்டும். சில வாண்டுகள் வலியே இல்லாமல் சும்மா கையைத் தூக்கிப் பார்க்கும், நிஜமாகவே நிறுத்துகிறாரா என்று. அப்போதும் நிறுத்தத்தான் வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் போனால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயையே திறக்காது. சிகிச்சை அவசியம்தான், பெற்றோர் கையெழுத்தும் இருக்கிறது, இருந்தும் அந்தக் கைக்கு மதிப்பு உண்டு. அப்படியிருக்க, அவசியமே இல்லாத வீடியோவுக்கு முன் குழந்தையின் கை ஏன் கணக்கில் சேரவில்லை?

பிரான்ஸ் 2020இல் கொண்டுவந்த சட்டம் இதற்குப் பக்கத்தில் வருகிறது. வீடியோவை நீக்கும்படி சிறுவரே தளத்திடம் கேட்கலாம். பெற்றோர் அனுமதி தேவையில்லை. கை தாமதமாகத்தான் எழுகிறது, ஊரே பார்த்து முடித்த பிறகு. எழ இடமாவது இருக்கிறது.

ஆகவே "போடலாமா?" என்று கேட்கும் சக டாக்டருக்கு நட்பை முறிக்காமலே ஒரு பதில் சொல்லலாம். பல்லைப் பற்றி என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். வீடியோவை முதலில் உங்கள் மகளிடம் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், அழுத இடம் உட்பட. யார் யார் பார்ப்பார்கள் என்பதையும் சொல்லுங்கள். கையைத் தூக்கினாள் என்றால் அழித்துவிடுங்கள். தூக்காவிட்டால், அதன் அர்த்தம் புரிகிற வயது அவளுக்கு வரும்வரை போடாமல் வைத்திருங்கள்.