வாசல் விளக்கை அணைக்காதீர்கள்



லூக்கா எழுதிய நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் மூன்று உவமைகளைக் கூறுகிறார். வழிதவறிய ஆட்டைத் தேடி ஆயன் புறப்பட்டுப் போகிறான். தொலைந்த வெள்ளிக்காசுக்காக ஒரு பெண் விளக்கை ஏற்றி வீட்டைக் கூட்டுகிறாள். வீட்டை விட்டுப் போன மகனை அவனது தகப்பன் தூரத்தில் வரும்போதே கண்டு ஓடிச் செல்கிறான். மூன்றும் மகிழ்ச்சியிலேயே முடிகின்றன. ஆடு கிடைக்கிறது, காசு கிடைக்கிறது, மகனும் திரும்பி வருகிறான்.

ஆனால் தேடித் தேடியும் பிள்ளையைக் காணாத தாய் தந்தையர் இந்த அதிகாரத்தை எப்படி வாசிப்பார்கள்? உங்களுள் சிலருக்கு இக்கேள்வி புதிதல்ல. ஐக்கிய அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவனுக்கு நேர்ந்ததை அறிந்தபோது, இக்கேள்வி மீண்டும் என்னை நெருக்கியது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மார்ஷல் என்னும் ஊரைச் சேர்ந்தவன் அவன். வயது 19. கன்பி என்ற ஊரிலுள்ள கல்லூரியில் முதலாண்டுப் படிப்பை முடித்த மகிழ்ச்சியை நண்பர்களோடு கொண்டாடிவிட்டு, 2008 மே 14ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின் காரில் வீட்டுக்குப் புறப்பட்டான். பெருந்தெருவை விட்டு வயல்களுக்கு நடுவேயுள்ள கிரவல் பாதைகளால் வந்தபோது கார் பள்ளத்தில் இறங்கி அகப்பட்டுக்கொண்டது. அவனுக்குக் காயமெதுவும் இல்லை. கைத்தொலைபேசியில் பெற்றோரை அழைத்தான். லிண்ட் என்ற சிற்றூருக்கு அருகே நிற்பதாகச் சொன்னான்.

தாயும் தகப்பனும் உடனே புறப்பட்டனர். அவன் சொன்ன இடத்துக்கு வந்து, தங்கள் வாகனத்தின் விளக்குகளைப் போட்டுப்போட்டு அணைத்தனர். வெளிச்சம் தெரிகிறதா என்று கேட்டனர். தெரியவில்லை என்றான். அவனும் தன் காரின் விளக்கைப் போட்டு அணைத்தான். அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் தூரத்தில் தெரிந்த வெளிச்சத்தை லிண்ட் என்று எண்ணி மகன் நடக்கத் தொடங்கினான். தகப்பன் அவனோடு தொலைபேசியில் பேசியபடியே தேடிக்கொண்டிருந்தார். 47 நிமிடங்கள் அந்தப் பேச்சு நீடித்தது. அதிகாலை இரண்டரை மணியளவில் மகனின் வாயிலிருந்து திடுக்கிட்ட ஒரு சொல் வந்தது. அதோடு தொடர்பு அறுந்தது. அதன் பின் அவனைக் கண்டவருமில்லை, அவன் குரலைக் கேட்டவருமில்லை.

விடிந்ததும் பெற்றோர் பொலிசாரிடம் போனார்கள். 19 வயது வாலிபன் ஓரிரவு வீட்டுக்கு வராதிருப்பது புதுமையல்ல என்ற வகையிலேயே அவர்களுக்குப் பதில் கிடைத்தது. பின்னர் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு பார்த்தபோதுதான், அவன் சொன்ன இடத்திலிருந்து ஏறக்குறைய 25 மைல் தொலைவில் அவனது கார் கிடந்தது தெரியவந்தது. மோப்ப நாய்கள் யெல்லோ மெடிசின் ஆறு வரை வழிகாட்டின. ஆற்றிலும் கரையிலும் தேடினார்கள். அறுவடை முடிந்த வயல்களில், விதைப்புக்கு முன்னான நாட்களில், ஆண்டுதோறும் தேடினார்கள். அவன் கிடைக்கவில்லை.

அன்பான பெற்றோரே, இந்தத் தாய் தகப்பனின் செயல்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஆயனைப்போல இரவோடிரவாகத் தேடிப் போனார்கள். பின்னர் தங்கள் வீட்டு வாசலில் ஒவ்வோர் இரவும் விளக்கை எரியவிட்டார்கள். ஊதாரி மைந்தனின் தகப்பனைப்போல வழிபார்த்திருந்தார்கள். லூக்காவின் மூன்று உவமைகளும் அந்த ஒரே வீட்டில் நடந்தன. முடிவில் வரும் மகிழ்ச்சி மட்டும் அவர்களுக்குக் கிட்டவில்லை.

எனினும் அவர்களுடைய துயரம் வீணாகவில்லை. வயது வந்தவர்தானே என்று சொல்லித் தேடுதலைத் தாமதிக்கக் கூடாது, ஆபத்தான சூழ்நிலையில் ஒருவரைக் காணவில்லையென்றால் பொலிசார் முறைப்பாட்டை உடனே ஏற்று விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2009ஆம் ஆண்டு மினசோட்டாவில் அது சட்டமாயிற்று. மகனின் பெயராலேயே அதைப் 'பிராண்டன் சட்டம்' என்கிறார்கள். தம் பிள்ளைக்குக் கிடைக்காத அந்த முதல் மணித்தியாலங்களைப் பிறர் பிள்ளைகளுக்குப் பெற்றுக் கொடுத்தார்கள். நற்செய்தியின் ஆயனும் அப்படித்தான். ஆட்டின் வயது என்ன, அது ஏன் வேலியைத் தாண்டியது என்று அவன் விசாரித்துக்கொண்டிருக்கவில்லை. நூறில் ஒன்று குறைந்தது என்று கண்டதும் புறப்பட்டான்.

நம் தேவதாயும் இந்த வேதனையை அறிந்தவள். பன்னிரண்டு வயது மகனை யெருசலேமில் காணாமல், சூசையப்பரோடு மூன்று நாட்கள் தேடி அலைந்தாள். வியாகுல மாதாவின் ஏழு துயரங்களுள் மூன்றாவது இதுவே. மகனைக் கண்டபோது, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். அவர் சொன்ன மறுமொழி அவளுக்கு விளங்கவில்லை என்று நற்செய்தி ஒளிக்காமல் கூறுகிறது. ஆகவே 'ஏன் ஆண்டவரே?' என்று கேட்பது விசுவாசக் குறைவென்று எந்தத் தாயையும் கண்டிக்காதீர்கள். மாசற்ற கன்னியும் கேட்ட கேள்வி அது.

நம் மண்ணிலும் மூன்றாம் நாள் விடியாத தாய்மார் எத்தனை பேர்! 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி அவர்களுள் பலர் விடை அறியாமலே கண்மூடிவிட்டனர். இரண்டு துயரங்களும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அந்த மாணவனுக்கு என்ன நேர்ந்ததென்பது இன்றுவரை துலங்கவில்லை. இங்கேயோ பலருடைய காரியத்தில், அறிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. உண்மையை அறிந்தும் மறைக்கிறவன், ஒரு தாயின் காயத்தை ஒவ்வொரு நாளும் புதிதாய்க் கீறுகிறான். மனம் வருந்தி உண்மையைச் சொல்ல இறைவன் அவனுக்கும் அருள் தரும்படி மன்றாடுவோம்.

சில வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதம் மரித்தோருக்கான திருப்பலிக்குப் பெயர்கள் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் என்னிடம் வந்தார். வெறுந்தாளைக் கையில் பிடித்தபடி நின்றார். "சுவாமி, மகன்ர பேரை எழுதவோ, விடவோ? எழுதினால் நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரி இருக்கும். எழுதாமல் விட்டால், அவன் செத்திருந்தால் அவனுக்கு ஒரு செபமும் இல்லாமல் போயிடுமே?" என்றார்.

குருமடத்தில் படித்த எந்தப் பாடமும் அந்நேரம் எனக்குக் கைகொடுக்கவில்லை. சற்று நேரம் பேசாமலிருந்தேன். பிறகு சொன்னேன்: "அம்மா, பட்டியலில் எழுத வேண்டாம். பெயரை மட்டும் சொல்லுங்கோ. அவன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று ஆண்டவருக்குத் தெரியும். உயிரோடிருந்தால் காக்கட்டும், இறந்திருந்தால் இளைப்பாற்றி தரட்டும்." அன்று அந்தப் பெயரை பீடத்தில் தனியாக வைத்து ஒப்புக்கொடுத்தேன். எந்தப் பட்டியலில் எழுதுவதென்று நாம் தடுமாறலாம். பெயர் சொல்லி ஆடுகளை அழைக்கும் ஆயனுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை.

ஆகையால், என் அன்பர்களே, மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

ஒன்று: அயலில் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று கேள்விப்பட்டால், 'யாரோடு திரிந்தவன், என்ன செய்தவன்' என்று படலையில் நின்று பேசாதீர்கள். உடனே போய்ப் பெற்றோருடன் நில்லுங்கள், தேடுங்கள், முறைப்பாடு செய்யத் துணை போங்கள்.

இரண்டு: அறியாத செய்தியைக் காவிச் செல்லாதீர்கள். 'அங்கே கண்டார்களாம், இங்கே கண்டார்களாம்' என்ற பேச்சு உங்களுக்கு ஒரு நிமிடப் பொழுதுபோக்கு. அந்தத் தாய்க்கோ அது பல இரவுகளின் நித்திரை.

மூன்று: காத்திருப்பவர்களிடம் 'இனி மறந்துவிடு' என்று சொல்லாதீர்கள். அவர்கள் வைத்திருக்கும் சட்டை, புத்தகம், வாசல் விளக்கு எல்லாம் அவர்களுடைய செபம். உங்கள் வீட்டுச் செபமாலையில் ஒரு பத்து மணியை அவர்களுக்காகச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகள் படித்துவிட்டு வீடு வந்து சேர்ந்ததும், கதவைச் சாத்துமுன் ஒரு கணம் நின்று நன்றி கூறுங்கள். பிள்ளை வராததால் கதவைச் சாத்த மனமில்லாமல் நிற்கும் வீடுகளையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நல்லாயனாம் ஆண்டவரே, எங்கள் கண்ணுக்கு மறைந்தவர்கள் உமது கண்ணுக்கு மறையவில்லை. தேடுவோருக்குப் பலமும், அறிந்தும் மௌனமாயிருப்போருக்கு மனமாற்றமும், காத்திருப்போருக்கு உமது துணையும் தந்தருளும். மகனைத் தேடிய வியாகுல மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.