ஓடுகிறதே, அது போதாதா?

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். இதுவரை யாருக்கும் கேடு செய்யாத ஒரு தவறு, தவறுதானா? அதைக் கண்டவன் வாயை மூடிக்கொண்டால் அதுவும் பொய்யா? 2022-ம் வருஷம் ஐப்பசி மாசம், என் பழைய காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

காரை ஒரு சகோதரருக்குப் பேசி முடித்து அட்வான்ஸும் வாங்கியாயிற்று. "எல்லாம் நல்லா இருக்கு பிரதர், தைரியமா எடுத்துக்கோங்க" என்று என் வாயாலேயே சொல்லியிருந்தேன். மறுநாள் கொடுக்கவேண்டுமே என்று கழுவிக்கொண்டிருந்தேன். வலது பின் டயரின் பக்கத்தில் சேற்றைத் துடைத்தால், ஒரு அம்புக்குறி! சக்கரத்தின் உச்சியில் அந்த அம்பு முன்பக்கம் காட்டவேண்டும். அதுவோ பின்பக்கம் காட்டியது.

எல்லா டயருக்கும் இந்த அம்பு கிடையாது. ஒரே திசையில் உருளும்படி செய்த டயருக்குத்தான் உண்டு. டிராக்டரின் பெரிய சக்கரத்தைப் பார்த்திருப்பீர்களே, கட்டைகள் 'வி' போலச் சாய்ந்திருக்கும். இதிலும் அப்படித்தான். கூர்முனை முதலில் தரையைத் தொடும். தண்ணீர் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒதுங்கி வெளியே போகும். திருப்பிப் போட்டால் பள்ளங்கள் தண்ணீரை நடுவுக்கே கூட்டிவரும்.

காய்ந்த ரோட்டில் இது தெரியவே தெரியாது. எட்டு மாசம் முன்னே பஞ்சர் ஒட்டினபோது ஒரு கடைப் பையன் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, திருப்பி மாட்டிவிட்டான். அதற்குப்பின் மதுரை போனேன், நாகர்கோவில் போனேன். ஒரு சத்தமில்லை, ஒரு இழுப்பில்லை.

ஆனால் மழை? 1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை ஈர ஓடுதளத்தில் ஓட்டி ஒரு கணக்குச் சொன்னார்கள். டயரின் பள்ளத்துக்கு மேலே தண்ணீர் நின்றால், 30 பவுண்டு காற்றுள்ள டயர் சுமார் 90 கிலோமீட்டர் வேகத்தில் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்கும். தேய்ந்த டயரானால் அதற்குமுன்பே. அந்தச் சகோதரரோ குடும்பத்தோடு நாலுவழிச் சாலையில் போகிறவர். பின்சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாய்ச் சுற்றும். ஸ்டியரிங் பிடித்துத் திருத்துவது லேசல்ல.

திருப்பி மாட்டினால் உடனே விபத்து என்று நான் பயமுறுத்தவில்லை. எத்தனையோ கார்கள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கலாம். என் மனசும் அதைத்தான் சொன்னது. நாலில் ஒண்ணுதானே! டயர் புதுசுதானே! செய்தது நீயா? வலது சக்கரத்தையும் இடது சக்கரத்தையும் இடம் மாற்றினால் தீருமா என்றுகூடக் கணக்குப் போட்டேன். தீராது. இதன் அம்பு நேராகும், மற்றதின் அம்பு தலைகீழாகும். ரிம்மிலிருந்து கழற்றித்தான் ஆகவேண்டும்.

என்னை உறுத்தியது வேறொன்று. "எல்லாம் நல்லா இருக்கு" என்று சொன்ன அன்று நான் பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. அம்பைப் பார்த்தபின் ஒரு வார்த்தைகூடப் புதிதாய்ப் பேசவில்லை. ஆனாலும் அன்று சொன்ன அதே வார்த்தை இப்போது பொய்யாக நிற்கிறது, நான் சும்மா இருப்பதினாலேயே! எட்டு மாசம் கெட்டது நடக்கவில்லை என்பது என் யோக்கியதைக்கு அத்தாட்சியா? மழை பெய்யவில்லை, அவ்வளவுதானே?

காலையில் அதே கடைக்குப் போனேன். "ஓடுச்சில்ல சார், இப்ப என்ன?" என்றார் முதலாளி. அந்தப் பையன்தான் முகம் வெளுத்துப்போனான். "தம்பி, உனக்கு யாராவது இந்த அம்பைக் காட்டினாங்களா?" என்றேன். இல்லையென்று தலையாட்டினான். நட்டு ஒவ்வொன்றையும் அன்றும் ஒழுங்காகத்தான் முடுக்கியிருந்தான், பாவம். திருப்பி மாட்டி, பேலன்ஸ் பார்த்து, மற்ற மூன்று டயரையும் யாரும் சொல்லாமலே குனிந்து பார்த்துவிட்டு வந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பிறகு சகோதரருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "இதுக்கா பாஸ்டர் இவ்வளவு?" என்று சிரித்தார். அப்புறம், சிரிப்பு நின்று, "வேற ஏதாவது இருக்கா?" என்றார்.

கொஞ்ச நேரம் யோசித்தேன். டிக்கியில் இருக்கும் ஜாக்கி பாதிக்குமேல் ஏறாது என்பதையும் சொன்னேன்.