சுவருக்கு அப்பால் இருப்பவர்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நமக்குக் கடல் அயலானது. உறவு நாடியோ வாணிபம் நாடியோ கடற்கரை ஊர்களுக்குச் சென்ற நாள்களில் அலையோசை கேட்டதோடு சரி. ஆயினும் நீரைப் பற்றிய ஓர் உண்மையை நாம் சிறு வயதிலேயே கற்றுவிடுகிறோம். உத்தமபாளையத்துத் தேநீர்க் கடையில் 136, 142, 152 என்று மூன்று எண்களைச் சொன்னால், அவை என்னவென்று எவரும் கேட்கமாட்டார். முல்லைப் பெரியாற்று அணையில் அந்த எண் ஏற ஏற, மலைக்குக் கிழக்கே நெஞ்சு குளிர்கிறது. மேற்கே அச்சம் வளர்கிறது. நீர் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்.

இந்த நினைவோடுதான், பழைய நகரங்களின் கடலோர முற்றங்களை அலையினின்றும் ஓதத்தினின்றும் காக்கும் முயற்சிகளை நாம் நோக்குகிறோம். காப்பது நன்று என்பதில் ஐயமில்லை. யாரைக் கொண்டு, எவர் செலவில் காப்பது என்பதே கேள்வி.

இத்தாலியின் வெனிஸ் நகரத்துப் புனித மார்க் சதுக்கத்தை எடுத்துக்கொள்வோம். (அதன் செல்வத்தில் நம் மேற்கு மலைகளின் மிளகுக்கும் பங்குண்டு. முஸ்லிம் வணிகர் கடல் கடத்தி அலெக்ஸாந்திரியா சேர்த்த மிளகை வாங்கி விற்றே அந்நகரத்தார் பெருஞ்செல்வர் ஆயினர்.) 1966 நவம்பர் 4 அன்று அங்கே ஓதம் 194 சென்டிமீட்டர் ஏறியது, 2019 நவம்பரில் 187. காயலின் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகள் அமைத்து, 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக ஓதத்தைத் தடுத்தனர். ஆனால் கதவை உயர்த்துந்தோறும் செலவு மிகும். துறைமுகத்துக் கப்பல்கள் காத்துக் கிடக்கும். ஆகவே ஓர் அளவு வகுத்தனர். அவ்வாண்டு டிசம்பர் 8 அன்று வரவிருந்த நீர் அவ்வளவுக்குக் கீழே நிற்கும் என்று கணித்துக் கதவுகளைக் கிடக்க விட்டனர். நீரோ 138 சென்டிமீட்டர் ஏறிச் சதுக்கத்தை மூழ்கடித்தது. கணிப்பு தவறியது பெரிதன்று. மனிதக் கணிப்பு தவறும். எந்த அளவில் கதவு எழ வேண்டுமென்று வகுத்தபோதே, யாருடைய இழப்பு பொறுக்கத்தக்கது என்றும் வகுக்கப்பட்டுவிட்டது. அதைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நமக்கு அண்மையில் உள்ளது புதுச்சேரி. அங்கே கடற்கரைச் சாலையில், செஞ்சியிலிருந்து கொணர்ந்த பழைய கற்றூண்கள் சூழ நிற்கிறது காந்தி சிலை. அதன் திடலில் மாலைக் காற்று வாங்க எவரும் காசு தர வேண்டுவதில்லை. கூலியாளும் அதிகாரியும் ஒரே சுவரில் அமரலாம். அத்தகைய பொது முற்றம் அமானிதம் என்றே நாம் கருதுகிறோம். முன்னோர் விட்டுச் சென்றதை நம் காலத்தில் அலைக்குக் கொடுத்துவிட நமக்கு உரிமை இல்லை.

ஆனால் அங்கே நிகழ்ந்ததைக் கேளுங்கள். நம் கிழக்குக் கரையோரமாக மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 1980களின் பிற்பகுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, அம்மணல் வழியிலேயே நின்றுவிட்டது. நகரின் மணற்கரை மறைந்தது. சாலையையும் திடலையும் காக்கக் கருங்கற்பாறைகளைக் கொட்டினர், காப்பாற்றியும் விட்டனர். மணல் கிட்டாத பசி மட்டும் தீரவில்லை; அது வடக்கே நகர்ந்தது. மீனவக் குப்பங்கள் ஒவ்வொன்றாகக் கரையை இழந்தன. கோட்டக்குப்பம் நம் வாசகர் பலருக்குச் சம்பந்தி ஊர். அதன் கடலோரக் குப்பமும் அலைக்கு இரையானது. அங்கும் கல் கொட்டினர். அரிப்போ அடுத்த குப்பத்துக்குச் சென்றது. பின்னாளில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் நீருக்கடியில் எஃகுத் தடுப்பொன்றை இறக்கியதும் திடலருகே சிறிது மணற்கரை மீண்டது. நகரத்தார் மகிழ்ந்தனர்; நாமும் மகிழ்கிறோம். அந்தக் குப்பங்களில் போன வீடுகள் மீளவில்லை.

தீங்கை அதைப் போன்ற இன்னொரு தீங்கினால் நீக்கலாகாது என்பது ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. திடலின் தீங்கைக் குப்பத்தின் தலையில் ஏற்றுவது நீக்குதல் ஆகாது, இடம் மாற்றுதலே ஆகும். குப்பத்தாருக்குத் தீங்கு செய்ய எவரும் எண்ணவில்லை என்பர். மெய்தான், அவர்களை எவரும் எண்ணவே இல்லை.

இரு தளக் கப்பலின் உவமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருப்பதை நாம் அறிவோம். தண்ணீருக்காக மேலே ஏறி மேலோரைத் தொந்தரவு செய்ய மனமின்றிக் கீழ்த்தளத்தார் தம் பகுதியிலேயே துளையிட எண்ணுகின்றனர். மேலோர் தடுத்தால் அனைவரும் பிழைப்பர்; விட்டுவிட்டால் அனைவரும் மூழ்குவர். இதைக் கேட்குந்தோறும் கீழ்த்தளத்தாரின் அறியாமையையே பேசிப் பழகிவிட்டோம். அவர்களுடைய தாகம் மெய்யானது என்பதையும் சற்றுப் பேசலாம்.

இதைச் சொல்லிவிட்டு நம் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசாதிருப்பது நேர்மையன்று. அணை உறுதியானது என்பதை உச்ச நீதிமன்றம் ஏற்று, 2014 மே 7 அன்று 142 அடி வரை தேக்க இசைவளித்தது. இங்கே இருபோகம் விளையும் 14,707 ஏக்கரும் அந்நீரை நம்பியே உள்ளன. நம் உரிமையில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் வாழ்வோரின் அச்சத்தை நாம் நகைத்துப் பேசியதுண்டு. அது தகாது. அச்சம் ஆதாரமற்றதாயினும் இரவில் உறக்கம் கெடுவது மெய்யன்றோ! அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் உழைப்போர் பலர் தமிழர். நம் வீடுகளில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களும் அவர்களுள் உண்டு. மழை கனக்கும் இரவுகளில் தொலைபேசி ஒலிக்கிறது. எத்தனை அடி என்று அவர்கள் கேட்கிறார்கள். எத்தனை அடி என்று நாமும் கேட்கிறோம்.