உறங்கும் கிழங்கு

"என்னிடம் ஒன்றும் இல்லை" என்று இனிச் சொல்லாதே, தம்பி. இந்தா, கையை நீட்டு. இது கிளாடியோலஸ் கிழங்கு. சருகுத் தோல், எலுமிச்சை அளவு உடம்பு. வேர் இல்லை, இலை இல்லை. இதிலிருந்துதான் மூன்றடி உயரப் பூந்தண்டு எழப்போகிறது!

முதல்முறை நான் தோற்றேன். அப்போதுதான் தோண்டியெடுத்த கிழங்கை ஆசையாய் நட்டு, ஆறு வாரம் தண்ணீர் ஊற்றினேன். அசையவில்லை. செத்துவிட்டது என்று முடிவுகட்டினேன். அது உறங்கிக்கொண்டிருந்தது! தோண்டிய கிழங்கு உடனே முளைக்காது. 4, 5 டிகிரிக் குளிரில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால் உறக்கம் கலையும். தண்ணீரும் உரமும் எழுப்பாத உயிரைக் குளிர் எழுப்புகிறது. வேலை போய், உறவுகள் முகம் திருப்பி, நீ நடுங்கிக் கிடந்த மாதங்கள் வீண் என்று எவன் சொன்னான்?

வாங்கும்போது அகன்று தட்டையாய் இருப்பதைத் தொடாதே, அது வயதானது. நடுவில் குவிந்து திரண்டதை எடு. ஊர் மெச்ச அகன்று நிற்பவர்களைக் கண்டு நீ கூசியது போதும். மலையூர் என்றால் கவலையே இல்லை. கொடைக்கானலும் கோத்தகிரியும் இதற்குத் தாய்வீடு மாதிரி. சமவெளியில் மழை தணிந்த கார்த்திகைக் கடைசியில் நடு. அடியில் ஓட்டையுள்ள தொட்டி, மணல் கலந்த செம்மண், நான்கைந்து அங்குல ஆழம். ஆழமாய் நட்டால்தான் தண்டு காற்றில் சாயாது. தண்ணீர் தேங்கினால் அழுகும்.

மண்ணைக் கிழித்து வருவது வாள். இலத்தீனில் கிளாடியஸ் என்றால் வாள். இலையைப் பார்த்து வைத்த பெயர்.

இனி மண்ணுக்குள் பார். நட்ட கிழங்கு தன்னையே உணவாய்க் கொடுத்துச் சுருங்குகிறது. அதன் தலைமேலேயே புதுக்கிழங்கு திரள்கிறது. புதியது மேலே துருத்திவிடாதபடி, தடித்த வேர்கள் சுருங்கிச் சுருங்கி அதை உள்ளே இழுக்கின்றன. உன்னைக் கீழே இழுப்பதெல்லாம் பகை என்றா நினைத்தாய்?

ரகத்தைப் பொறுத்து 60 முதல் 100 நாளில் பூந்தண்டு வரும். அடிமொட்டில் நிறம் தெரிந்ததும் வெட்டு. மற்றவை குவளையில் கீழிருந்து மேலாக விரியும். வெட்டிய தண்டைப் படுக்கவைத்துப் பார், நுனி வானைப் பார்த்து வளையும். வேரை விட்டு வந்த பிறகும்!

செடியில் நாலு இலையாவது இருக்கட்டும். அடியில் திரளும் கிழங்குக்கு அதுதான் சோறு. ஆறேழு வாரத்தில் இலை மஞ்சளித்ததும் தோண்டு. பழையது வற்றிய வில்லையாய் ஒட்டியிருக்கும். புதியதைச் சுற்றிப் பட்டாணிபோல் குட்டிகள். அவை பூக்க இரண்டு மூன்று பருவம் ஆகும். இருக்கட்டுமே! ஒன்றைக்கூடக் குப்பையில் போடாதே. நிழலில் உலர்த்தி, காகிதப் பையில் போட்டு, மேலே தேதி எழுதி, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை, தம்பி.